குல்மார்க் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது

டிசம்பர் நெருங்கினால் சென்னை, கோவை, மதுரை என்று எல்லா ஊர்களிலும் காஷ்மீர் பேக்கேஜ் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். முதன்முதலாகப் பனிச்சறுக்கு பழகிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்களும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் குடும்பங்களும் குல்மார்க்குக்கென்று இரண்டு மூன்று நாள் ஒதுக்குகிறார்கள். அதன்பின் வீட்டில் போடப்படும் பட்டியல் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும்: தெர்மல் உள்ளாடை, ஜெர்கின், கையுறை, கம்பளி சாக்ஸ், மங்கி குல்லா. எல்லாமே குளிருக்கு. கண்ணைப் பற்றி யாராவது கேட்டால், "அதான் கூலிங் கிளாஸ் இருக்கே" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த முன்னுரிமை தலைகீழானது. கனத்த கோட்டும் ரப்பர் பூட்ஸும் குல்மார்க் ஏறும் வழியில் தங்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். சறுக்குப் பலகை, அதற்கான பூட்ஸ், ஊன்றுகோல் எல்லாம் மேலே கிடைக்கும். கண்ணாடியும் வாடகைக்குக் கிடைக்கலாம். ஆனால் அது இன்னொருவர் முகத்துக்கு வாங்கியதாக, பல சீசன் தேய்ந்ததாக, உட்புறம் கீறல் விழுந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே முதல் பனிச்சறுக்குப் பயணத்துக்குச் சொந்தமாக வாங்க வேண்டிய ஒரே பொருளைச் சொல்லச் சொன்னால், அது கண்ணாடிதான். அதை ஊரிலேயே, முகத்தில் வைத்துப் பார்த்து, சோதித்து வாங்க வேண்டும்.

"நாங்கள் பார்க்காத வெயிலா?" என்று தமிழ்நாட்டுக்காரர்கள் கேட்பது இயல்பு. மெரினாவின் மே மாத வெயிலைத் தாங்கிய கண்ணுக்கு காஷ்மீரின் ஜனவரி வெயில் எந்த மூலைக்கு என்று தோன்றும். கேள்வி நியாயமானதே. ஆனால் மெரினாவில் வெயில் தலைக்கு மேலிருந்து வருகிறது. புருவமேடும் இமையும், கண்ணைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கமும் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. காலடி மணல் திருப்பி அனுப்பும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 15 சதவீதம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புல்லும் மண்ணும் 10 சதவீதத்துக்கும் குறைவு. புதிதாக விழுந்த பனியோ 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். குல்மார்க் சரிவில் நிற்பவரின் கண்ணுக்குக் கதிர் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வருகிறது. அந்தத் திசையில் புருவமும் காவல் இல்லை, தொப்பியின் விளிம்பும் காவல் இல்லை.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குல்மார்க் புல்வெளியே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,650 மீட்டர். அங்கிருந்து கோங்டூரிக்கும், அதற்கும் மேலே அஃபர்வட் மலைத்தோளுக்கும் கண்டோலா எனப்படும் கம்பிவடப் பெட்டியில் போகலாம். இரண்டாம் கட்ட நிலையத்தின் உயரம் 4,000 மீட்டரை நெருங்குகிறது. மேகம் மூடியிருந்தால் ஆபத்து இல்லை என்ற நினைப்பும் சரியல்ல. மெல்லிய மேகம் வெளிச்சத்தையும் சூட்டையும் குறைத்துக் காட்டும். புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

இந்தக் கதிர் செய்யும் காயம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வெல்டிங் பட்டறையைக் கடக்கும்போது "அதைப் பார்க்காதே" என்று பிள்ளைகளின் முகத்தைத் திருப்பிவிடாத பெற்றோர் இங்கே கிடையாது. முகக்கவசம் போடாமல் பற்றவைத்த தொழிலாளி ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறக்க முடியாமல் தவிப்பதும், பனியில் கண்ணாடி இல்லாமல் திரிந்தவர் தவிப்பதும் மருத்துவப்படி ஒரே நோய். கருவிழியின் மேல்தோல் புற ஊதாக் கதிரை உறிஞ்சி வெந்துபோகிறது. வெந்த செல்கள் உடனே உதிர்வதில்லை. சில மணி நேரம் கழித்தே உதிர்கின்றன. உதிர்ந்தபின் அடியிலுள்ள நரம்பு நுனிகள் வெளியே தெரிய, கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தலும் எரிச்சலும் தொடங்குகின்றன. கண்ணீர் கொட்டும், வெளிச்சம் கூசும், இமை வீங்கும். பார்வை மங்கலாம், சற்று நேரம் போயே போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சில மணி நேர இடைவெளி. பகல் முழுக்கப் பனியில் விளையாடும்போது கண் ஒன்றுமே சொல்லாது. புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. குளிர்க்காற்றில் சூடும் உறைக்காது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, ஓட்டல் அறையில் போர்வைக்குள் போனபிறகுதான் வலி எழும். வலித்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு அந்த வாய்ப்பே வருவதில்லை.

மலையேற்ற வரலாற்றில் இதற்கு மறக்க முடியாத சாட்சியம் எட்வர்ட் நார்ட்டன். 1924 ஜூன் 4 அன்று எவரெஸ்ட்டின் வடக்கு முகத்தில் அவரும் ஹோவர்ட் சாமர்வெல்லும் ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறினார்கள். சாமர்வெல் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்நியர் அல்ல. எவரெஸ்ட்டுக்கு வந்த கையோடு தெற்கே வந்து, நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டு அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர், பின்னாளில் வேலூரிலும் இருந்தவர். அன்று இருமலும் தொண்டை அடைப்பும் தாளாமல் சாமர்வெல் உட்கார்ந்துவிட, நார்ட்டன் தனியே மேலேறி ஏறத்தாழ 8,570 மீட்டரைத் தொட்டுத் திரும்பினார். கறுத்த பாறைமேல் நடப்பதால் கண்ணாடி தேவையில்லை, அது காலடியை மறைக்கிறது என்று அவர் அதைக் கழற்றியிருந்தார். முகாமுக்கு இறங்கி வந்து படுத்த அன்றிரவே கண்வலி தாக்கியது. சுமார் 60 மணி நேரம் அவருக்குப் பார்வை இல்லை. ஜூன் 6 காலையில் அதே குழுவின் மல்லோரியும் இர்வினும் தங்கள் கடைசி ஏற்றத்துக்குக் கிளம்பியபோது, குழுத் தலைவரான நார்ட்டனால் அவர்களைப் பார்க்கக்கூட முடியவில்லை. குழுவின் மருத்துவர் மேலேறி வந்து அவரைக் கைப்பிடித்துக் கீழே இறக்கினார்.

அரை நூற்றாண்டு கழித்தும் பாடம் பழசாகவில்லை. 1978 மே 8 அன்று ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹபேலரும் ஆக்சிஜன் உருளை இல்லாமலே எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். மனித உடலால் அது முடியும் என்று உலகுக்கு முதலில் காட்டியவர்கள் அவர்கள். மேலே படம் எடுப்பதற்காக மெஸ்னர் கண்ணாடியைக் கழற்றினார். இரவு முகாமில் வலியால் துடித்தார். மறுநாள் இறங்க ஹபேலரின் துணை தேவைப்பட்டது.

நார்ட்டனும் மெஸ்னரும் மலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். கண்ணாடியின் அவசியம் தெரியாதவர்கள் அல்ல. ஒருவர் வழி தெளிவாகத் தெரியட்டும் என்று கழற்றினார், இன்னொருவர் படம் எடுக்கக் கழற்றினார். குல்மார்க்கில் செல்ஃபிக்காகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அரைமணி நேரம் அப்படியே நிற்பவர்களும் செய்வது இதைத்தான். அவர்கள் நிற்பது எவரெஸ்ட்டின் உயரத்தில் அல்ல, உண்மை. ஆனால் கண்ணை வேகவைக்க அந்த உயரம் தேவையும் இல்லை.

பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதை என்றோ அறிந்திருந்தார்கள். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் வால்ரஸ் தந்தத்திலும் கரிபூ மானின் கொம்பிலும் கரையொதுங்கிய மரத்திலும் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் கவசம் செதுக்கினார்கள். அதில் கண்ணாடியே கிடையாது. கண்ணுக்கு நேரே மெல்லிய கிடைக்கீறல் மட்டும். உட்புறம் கரி பூசுவதும் உண்டு. முகத்தோடு பொருந்துவதும் இடுக்கில் வெளிச்சம் புகாமல் காப்பதும்தான் அதன் உயிர்நாடி. இன்று காகிள்ஸ் எனப்படும் பனிச்சறுக்குக் கண்ணாடியை வாங்குகிறவரும் முதலில் பார்க்க வேண்டியது அதையே.

ஆனால் நம் ஊரில் பார்ப்பது கறுப்பின் அடர்த்தியை. எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பு என்ற நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. கறுப்பு என்பது வெளிச்சத்தைக் குறைக்கும் சாயம், அவ்வளவுதான். புற ஊதாக் கதிரைத் தடுப்பது வில்லையின் பொருளும் அதன் பூச்சும். நிறமே இல்லாத பாலிகார்பனேட் வில்லைகூட அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியோ வெறுங்கண்ணைவிட மோசமாகலாம். இருட்டில் கண்பாப்பா விரியும், சுருங்கியிருந்த இமை தளரும், கதிர் தாராளமாக உள்ளே போகும். நடைபாதையில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கறுப்புக் கண்ணாடி எல்லாமே போலி என்று சொல்ல முடியாது. எது நல்லது, எது கெட்டது என்று வாங்குகிறவரால் கண்டுபிடிக்க முடியாது என்பதே அதிலுள்ள ஆபத்து. சந்தேகம் தீர வழி இருக்கிறது: புற ஊதாக் கதிர் கடக்கிறதா என்று காட்டும் சிறு கருவியைப் பல மூக்குக்கண்ணாடிக் கடைகளில் வைத்திருக்கிறார்கள். கேட்டால் ஒரு நிமிடத்தில் சோதித்துச் சொல்வார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

காகிள்ஸின் சட்டத்திலோ பட்டையிலோ பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்ப்பதும் பயன் தரும். யுவி400 என்றிருந்தால் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர் தடுக்கப்படுகிறது என்று பொருள். பனிச்சறுக்குக் கண்ணாடிக்கான ஐரோப்பியத் தர எண் முன்பு இஎன் 174; இப்போது அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 18527-1 வந்திருக்கிறது. அமெரிக்கத் தர எண் ஏஎஸ்டிஎம் எஃப்659. இவற்றில் ஒன்று இருந்தால், உடைந்து கண்ணில் சிதறாத வில்லையா என்பது உட்படப் பல சோதனைகளைத் தாண்டிய கண்ணாடி அது. விழுந்து எழுந்துதானே பனிச்சறுக்கு பழக முடியும். சாதாரண கூலிங் கிளாஸ் முதல்முறை விழும்போதே கழன்று பனியில் புதைந்துவிடும், அல்லது அதன் சட்டம் முகத்தைக் கிழித்துவிடும். சரிவில் காகிள்ஸ், சரிவுக்கு வெளியே பக்கவாட்டையும் மூடும் நல்ல கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்வதே சரி.

அடுத்து எஸ் என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். எவ்வளவு வெளிச்சத்தை வில்லை உள்ளே விடும் என்பதற்கான குறி அது. எஸ்1 வில்லை 43 முதல் 80 சதவீதம், எஸ்2 வில்லை 18 முதல் 43, எஸ்3 வில்லை 8 முதல் 18, எஸ்4 வில்லை 3 முதல் 8 சதவீதம். இங்கேதான் பலர் தடுமாறி, பெரிய எண்ணே சிறந்தது என்று எஸ்4 வாங்கிவிடுகிறார்கள். அது பனியாறுகளுக்கும் மிக உயர்ந்த மலைகளின் கொளுத்தும் வெயிலுக்கும் உரியது. அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டவும் கூடாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குல்மார்க்கில் பனி கொட்டும், மேகம் கவியும். நிழலே விழாத அந்த வெள்ளை மங்கலில் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் விழுகிறவர்கள் ஏராளம். அப்போது மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிற எஸ்1, எஸ்2 வில்லைதான் கைகொடுக்கும். மார்ச்சில் போனால் வானம் தெளிந்திருக்கும் நாள் கூடும், சூரியனும் உயர ஏறியிருக்கும், எஸ்3 வேண்டும். குளிர் குறைந்துவிட்டதே என்று கண்ணாடியை அலட்சியப்படுத்துவதும் அந்த மார்ச்சில்தான். ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் எஸ்2 வாங்குவதே முதல் பயணத்துக்குப் பொருத்தம்.

வாங்கும்போது பட்டையைத் தலையில் மாட்டாமல் காகிள்ஸை வெறுமனே முகத்தில் வைத்து லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள நுரைப்பஞ்சு நெற்றியிலும் கன்னத்திலும் ஒரே சீராகப் படிய வேண்டும். மூக்கின் இரு புறமும் வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கண்ணாடி அந்த முகத்துக்கு ஆகாது. பெரும்பாலான சட்டங்கள் மூக்குத்தண்டு எடுப்பான ஐரோப்பிய முகங்களுக்காக வார்க்கப்பட்டவை. ஆசிய முகத்துக்கென்று தனி அளவிலும் இப்போது விற்கிறார்கள். ஹெல்மெட்டுக்கும் காகிள்ஸுக்கும் நடுவே நெற்றி தெரியக் கூடாது. மூக்குக்கண்ணாடி அணிகிறவர்களுக்கு அதன்மேலேயே மாட்டக்கூடிய ஆழமான காகிள்ஸ் உண்டு. அணிந்திருக்கும் கண்ணாடியோடு போய்த்தான் அதை வாங்க வேண்டும். பார்வைச் சிகிச்சை அண்மையில் செய்துகொண்டவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது.

கண்ணாடியைக் கழற்ற வைக்கும் முதல் வில்லன், ஆவி படர்தல். 1960கள் வரை ஒற்றை வில்லைக் கண்ணாடிகள் மூச்சிலும் வியர்வையிலும் மங்கிப் பனிச்சறுக்கு வீரர்களைப் படுத்தின. பனிச்சறுக்கில் பித்துக்கொண்ட அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் பாப் ஸ்மித், இரண்டு வில்லைகளை இடையே காற்று அடைபடும்படி ஒட்டி, ஓரத்தில் காற்று புகும் நுரைப்பஞ்சு வைத்து ஒன்றைச் செய்தார். இன்று உலகெங்கும் விற்கும் இரட்டை வில்லைக் காகிள்ஸுக்கு அதுவே முன்னோடி. ஆகவே ஒற்றை வில்லைக் கண்ணாடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டியதில்லை.

இரட்டை வில்லையும் தவறாகப் பயன்படுத்தினால் மங்கும். மப்ளரை மூக்கின்மேல் இழுத்துக் கட்டினால் மூச்சு முழுவதும் மேலேறி காகிள்ஸுக்குள் போகும்; மூக்கைத் திறந்துவிட்டு மப்ளரை வாயோடு நிறுத்த வேண்டும். வியர்த்த நெற்றியில், ஈரமான கம்பளிக் குல்லாமேல் ஏற்றி வைத்தாலும் அதே கதிதான். வில்லையின் உட்புறத்தில் ஆவி படராமலிருக்கப் பூசிய மெல்லிய படலம் ஈரமாக இருக்கையில் தேய்த்தால் உரிந்துவிடும். கையுறையால் ஒருமுறை தேய்த்தாலே போதும், அந்தக் கண்ணாடி பாழ். உள்ளே பனி புகுந்தால் உதறிவிட்டு, மென்துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் உலரவிடுவதே முறை.

விலையைப் பொறுத்தவரை, பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் காகிள்ஸ்கள் உண்டு. காந்தத்தால் நொடியில் மாற்றும் வில்லை, வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறும் வில்லை, கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு என்று அவற்றில் பல வசதிகள். ஆண்டுதோறும் மலைக்குப் போகிறவருக்கு அவை பயன்படும். இரண்டு நாள் சரிவின் அடிவாரத்தில் தத்தித் தத்திப் பழகப் போகிறவருக்கு அவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. யுவி400, இரட்டை வில்லை, தர எண், முகப்பொருத்தம் இவ்வளவும் உள்ள எளிய காகிள்ஸ் அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. மிச்சமாகும் பணத்தில் பிள்ளைகளுக்கும் ஒன்று வாங்கலாம். வாங்கியே ஆக வேண்டும். சிறுவர்களின் கண்ணிலுள்ள இயற்கை வில்லை தெளிவாக இருப்பதால் புற ஊதாக் கதிர் பெரியவர்களின் கண்ணைவிட அதிகமாக உள்ளே இறங்குகிறது. பனியில் உட்கார்ந்து புரண்டு விளையாடுவதும் அவர்கள்தான். அப்பா கூலிங் கிளாஸோடும் பிள்ளை வெறுங்கண்ணோடும் நிற்கும் குடும்பப் படங்கள் மனத்தைச் சங்கடப்படுத்துகின்றன.

இவ்வளவுக்கும் பிறகு கண் வலித்தால்? கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு இருட்டறையில் ஓய்வெடுக்க வேண்டும். கண்ணைத் தேய்க்கக் கூடாது. மூடிய இமைமேல் குளிர்ந்த ஈரத்துணி, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, தேவையானால் வழக்கமான வலி மாத்திரை, இவை போதும். தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை யார் கொடுத்தாலும் தாமாக விட்டுக்கொள்ளக் கூடாது. வலி தெரியாமல் போகும், புண் ஆறத் தாமதமாகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். பார்வை மங்கலாகவே இருந்தாலோ, இரண்டு நாள் கடந்தும் வலி நீடித்தாலோ கண் மருத்துவரிடம் போயே தீர வேண்டும்.

கண்ணைக் கடைசியில் நினைக்கும் பழக்கம் சுற்றுலாக்காரர்களோடு நிற்பதல்ல. சியாச்சின் போன்ற உயர்மலைக் காவல்முனைகளில் நிற்கும் வீரர்களுக்கே பனிக்கண்ணாடிக்குக் கடும் தட்டுப்பாடு இருந்ததை, 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. பனியையே பணியிடமாகக் கொண்டவர்களுக்கு அந்த நிலை என்றால், நான்கு நாள் பயணிகளைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

கவலைப்பட வேண்டிய கடமை பயண நிறுவனங்களுக்கு இருக்கிறது. விமான நேரம், ஓட்டல் பெயர், சைவ உணவு, கண்டோலா டிக்கெட் என்று எல்லாவற்றையும் வரிசையாக அச்சிடும் அவர்கள், எடுத்துவர வேண்டியவற்றின் பட்டியலில் முதல் வரியாக "ஒவ்வொருவருக்கும் யுவி400 காகிள்ஸ், குழந்தைகளுக்கும் சேர்த்து" என்று போட ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. அதை இந்தப் பருவத்திலேயே செய்ய வேண்டும். செய்யாத நிறுவனத்திடம், முன்பணம் கட்டும்போதே பயணிகள் அதைக் கேட்க வேண்டும்.